நோர்மல் என்று வந்த றிப்போட்

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போக, ட்ரங்குப் பெட்டியில் கிடந்த உடுப்பை எடுத்துத் துவைக்காமலே மகனுக்குப் போட்டோம். பெட்டி நிறையப் பூச்சி உருண்டை. மூன்றாம் நாள் அவனுக்குப் பிளேன்ரீ நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சள். செங்கமாரி என்று மாமி கீழ்க்காய்நெல்லி பிடுங்கப் போனார், நான் பெடியனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரத்தம் ஏற்றினார்கள், ஆறு நாளில் வீட்டுக்கு விட்டார்கள்.

வினை அதற்குப் பிறகுதான். ஜீ சிக்ஸ் பீ டீ (G6PD) என்று செங்குழியத்தில் இருக்கும் ஒரு நொதியத்தின் குறைபாடாக இருக்கலாம், பரிசோதியுங்கள் என்று ஒரு துண்டு தந்தார்கள். இரண்டாம் கிழமை முதல் பஸ் பிடித்துப் போனால், துண்டில் சீல் இல்லை என்று கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். ஒருநாள் கூலி போனது. திரும்பப் போய் இரத்தம் கொடுத்தோம். றிப்போட் 'நோர்மல்'. அப்பாடா என்று கிளினிக் கொப்பியை மூடி வைத்துவிட்டோம்.

அடுத்த கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் திகதிகளைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது கணக்கில்லை" என்றார். நொதியம் குறைந்த பழைய செங்குழியங்கள் முதலே உடைந்து போயினவாம், மிஞ்சியது புதிதாகப் பிறந்ததும் யாரோ தானம் கொடுத்ததும்தான், அதில் நொதியம் இருக்கத்தானே செய்யும்! மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டுமாம். பேனையால் படமும் கீறிக் காட்டினார். பூச்சி உருண்டையில் இருக்கும் நப்தலீன் உடம்பில் சேர்ந்தால் செங்குழியத்துக்குள் ஒட்சியேற்றம் கூடும், அதைத் தாங்குகிற குளுட்டதயோன் என்ற பொருளைப் புதுப்பிக்கத்தான் இந்த நொதியம். அது போதாவிட்டால் ஈமோகுளோபின் கட்டிபட்டு மென்சவ்வின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், சவ்வு விறைக்கும், மண்ணீரல் அந்த இடத்தைக் கடித்தெடுத்த மாதிரிப் பிய்த்துவிடும். முதல் நாள் இரத்தத்திலேயே அப்படிக் கடிபட்ட குழியங்கள் தெரிந்ததாகக் கொப்பியில் எழுதியிருந்ததாம். ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது எங்களுக்கு எப்படி விளங்கும்?

மூன்று மாதம் கழித்து எடுத்தபோது குறைபாடு உறுதியானது. பெடியனுக்கு இது தாய்வழியாகத்தான் வரும் என்று வீட்டில் சொன்னது என் மடத்தனம், இரண்டு நாள் மனைவி கதைக்கவில்லை. பிறகு அவளே சொன்னாள், இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தன் அண்ணனுக்கு மலேரியாக் குளிசை குடித்து இப்படித்தான் சிறுநீர் கறுப்பாகப் போனது என்று. பிரைமாக்குயினாகத்தான் இருக்கும் என்றார் டொக்டர். ஒரு காலத்தில் வன்னியில் மலேரியா வராத வீடு எது? 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று சான்று வாங்கிய பிறகு அந்தக் குளிசையின் பேரே மறந்துபோனது.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் வாட்டை விட்டு வெளிக்கிடுமுன் துண்டில் சீல் இருக்கிறதா பாருங்கள். இரத்தம் ஏற்றிய திகதியைக் கொப்பியின் முன்பக்கத்திலேயே எழுதுவியுங்கள். நோர்மல் என்று வந்தால், அது எப்போது எடுத்த இரத்தம் என்று கேட்காமல் எழும்பாதீர்கள். குறைபாடு உறுதியென்றால் பார்மசியிலும் வாய் திறந்து சொல்லுங்கள், தொழுநோய்க்குக் கொடுக்கிற டப்சோன் மாதிரி வேறு குளிசைகளும் ஆகாது.

ட்ரங்குப் பெட்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டு, இப்போது வேப்பிலைதான் போட்டிருக்கிறோம். மாமி மட்டும் கீழ்க்காய்நெல்லியால்தான் பெடியனுக்குச் சுகமானது என்று இன்னும் சொல்லித் திரிகிறார்.