போகாத 12ஆம் தேதி, ரத்தான 19ஆம் தேதி

மதுரை விமான நிலையத்தில் ஜனவரி 19 காலை, கவுன்டரில் இருந்த பெண் என் ஆதாரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் லேசாகத் திருப்பி, "சார், இந்த பி.என்.ஆர். கேன்சல் ஆயிருக்கே. 12ஆம் தேதி நீங்க டெல்லியில ஏறவே இல்லையா?" என்றார்.

ஏறவில்லைதான். பொங்கலுக்காக நவம்பரிலேயே போக வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்: 12ஆம் தேதி டெல்லி–மதுரை, 19ஆம் தேதி திரும்புவது. ஆனால் 8ஆம் தேதி இரவு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தம்பி ஃபோன் செய்த பத்தாவது நிமிடத்தில் வேறொரு விமானத்தில் மறுநாளுக்கு டிக்கெட் போட்டேன். பழைய டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும் நிலையில் அப்போது இல்லை.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, 11ஆம் தேதி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து கிடைத்த பதில்: "போற டிக்கெட் வீணாகும், அவ்வளவுதான் சார். ரிட்டர்ன் அப்படியே இருக்கும்." நிம்மதியாக வைத்துவிட்டேன். அதை ஒரு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லாமல் விட்டதற்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஒரே பி.என்.ஆரில் போக வர எடுத்தால், டிக்கெட்டை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. முதல் பயணத்துக்கு வராதவரை 'நோ-ஷோ' என்று குறித்ததும் மீதிப் பயணங்களும் தானாகவே ரத்தாகிவிடும். விமானம் கிளம்புவதற்கு முன்பே முதல் பயணத்தை மட்டும் ரத்து செய்யச் சொல்லிக் கேட்டு, திரும்பும் பயணம் உறுதியாக உள்ள புதிய டிக்கெட் பிரதியை வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேன். திரும்புவதற்கு முந்தின நாளே எனக்கு ஒரு அறிகுறி தெரிந்தது. வெப் செக்-இன் எடுக்கவே இல்லை. ஆப்பில் ஏதோ கோளாறு, நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு அப்படி ஆனால் தயவுசெய்து அன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள்.

விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பும் நாள். அன்று மாலை விமானத்துக்கு 11,400 ரூபாய் கொடுத்து டெல்லி திரும்பினேன்.

அப்புறம்தான் அலைச்சல். டிக்கெட் எடுத்துக் கொடுத்த இணையதளத்தில் கேட்டால் "நோ-ஷோவுக்கு ரீஃபண்ட் இல்லை, ஏர்லைனிடம் கேளுங்கள்" என்றார்கள். ஏர்லைனில் கேட்டால் "ஏஜென்ட் மூலம் எடுத்தது, அவர்களிடம் கேளுங்கள்." மூன்று வாரம் இப்படியே பந்தாடினார்கள்.

ஆபீஸில் ஒரு அண்ணன் சொல்லித்தான், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியைத் தேடிப் படித்தேன். எந்தச் சலுகைக் கட்டணத்தில் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும், பயணி வராமலே போனாலும், சட்டப்படி வசூலித்த வரிகளையும் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே, ஏனென்றால் ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி. அடிப்படைக் கட்டணம் போனது போனதுதான், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் நான் ஏறாத விமானத்துக்கு விமான நிலையப் பாதுகாப்புக் கட்டணம் 200 ரூபாயை அவர்கள் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? தொகை சின்னதுதான். இப்படி எத்தனை பேர் கேட்காமலே விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

விதியைக் குறிப்பிட்டு, கட்டண விவரம் உள்ள டிக்கெட் பிரதியை இணைத்து ஏர்லைனுக்கு மெயில் போட்டேன். ஒரு வாரம் பதிலே இல்லை. விமானப் பயணிகள் புகார் செய்வதற்கான அரசு தளமான ஏர்சேவாவில் புகார் பதிந்தேன். நான்காம் நாள் ஏர்லைனிலிருந்தே ஃபோன், இந்தத் தடவை குரலில் அவ்வளவு பணிவு!

பணம் வந்ததும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். எனக்கு முதலில் வந்தது போகும் பயணத்துக்கான வரி மட்டும். திரும்பும் பயணத்தையும் அவர்கள்தானே ரத்து செய்தார்கள், அதற்கான வரி எங்கே என்று கட்டண விவரத்தில் வரிவரியாகக் கோடு போட்டு மறுபடி அனுப்பினேன். ஒன்பது நாளில் மீதியும் வந்தது. இணையதளம் வாங்கிய கன்வீனியன்ஸ் கட்டணம் மட்டும் திரும்பவில்லை.

அப்பா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். ஏப்ரலில் பார்க்கப் போகிறேன். போவதற்கு ஒரு பி.என்.ஆர்., வருவதற்குத் தனியாக இன்னொன்று. சேர்த்து எடுப்பதற்கும் இதற்கும் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.