சாதிச் சான்றிதழில் ஒரு வரிக்குப் பட்ட பாடு

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. வயிற்றெரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று இருந்தால் எழுதவே மாட்டேன். பிள்ளையைக் காலேஜில் சேர்க்க இப்போது அலைந்துகொண்டிருப்பவர்களுக்காவது உதவட்டும்.

நான் முதல் வார்த்தைப்பாடு (துறவற வாக்கு) கொடுத்து, ஆயுள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்குக் காத்திருக்கும் சின்ன சிஸ்டர். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் எங்கள் மடம். எங்களிடம் சாயங்காலம் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி பிளஸ் டூ தேறினாள். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். தாத்தா காலத்தில் வேதத்துக்கு வந்த, அதாவது கிறித்தவர்களான ஆதிதிராவிடர் குடும்பம். அதனால் எஸ்.சி. கிடையாது, பி.சி.தான். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இ-சேவை, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எல்லாம் மளமளவென்று முடிந்தது. இ-சேவையில் மட்டும் 150 ரூபாய் கேட்டார்கள். ரசீது கொடுங்கள் என்றதும் 60 ஆகிவிட்டது. ரசீது கேளுங்கள், வேறு வாதமே வேண்டாம்.

வினை காலேஜில்தான் காத்திருந்தது. மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவித்தொகை உண்டு. இடஒதுக்கீட்டில் பி.சி., உதவித்தொகைக்கு அந்தத் துறை. இது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை. ஆனால் சான்றிதழில் ‘கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’ என்று இருக்க வேண்டும். இ-சேவைத் தம்பி கம்ப்யூட்டர் பட்டியலில் அதை விட்டுவிட்டு வேறு ஒரு கிறித்தவப் பிரிவைத் தட்டியிருக்கிறார். வி.ஏ.ஓ. பார்க்கவில்லை, ஆர்.ஐ. பார்க்கவில்லை. பி.சி. என்று இருந்ததே எல்லோருக்கும் போதுமாக இருந்திருக்கிறது. “மாத்திட்டு வாங்க, கடைசி தேதிக்குள்ள” என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார் காலேஜ் கிளார்க்.

தாலுகா ஆபீசுக்குப் போனால் ஜமாபந்தி, வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை. நாற்காலிகள் காலி. மே, ஜூனில் போகிறவர்கள் ஜமாபந்தி எந்தெந்த நாள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் எங்களுக்குக் காசு நஷ்டமில்லை. பிள்ளையின் அம்மா, அந்த அக்காவுக்கு ஒருநாள் கூலி போச்சு.

அடுத்த முறை ஆள் இருந்தார். என் அங்கியைப் பார்த்ததும், “உட்காருங்க சிஸ்டர்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மனு கொண்டுவந்த அக்கா நின்றுகொண்டே இருந்தார். செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். அங்கே யாரும் கழற்றச் சொல்லவில்லை. நான் ஸ்டூலை அக்கா பக்கம் நகர்த்தினேன், அவர் உட்காரவில்லை. கடைசிவரை ஸ்டூல் சும்மா கிடந்தது.

“பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரினு நீங்களே எல்லாம் நடத்துறீங்க. உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் சலுகை? கிறிஸ்தவத்துலதான் சாதி கிடையாதே?”

இருக்கக் கூடாது சார், ஆனால் இருக்கிறது என்றேன். எனக்குத் தெரியாதா? நானும் அதே வரியில் வருகிறவள். பயிற்சிக் காலத்தில் “எந்தப் பங்கு, எந்தத் தெரு?” என்று சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்டவர்களை இன்னும் மறக்கவில்லை. இந்துக்கள் மட்டுமே எஸ்.சி. என்ற 1950-ம் வருட ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தியில் தொடங்கிய சிக்கல் இது. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் நமக்கும் எஸ்.சி. தகுதி கொடுக்கச் சொல்லி நம் சட்டசபை தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் போனை எடுத்துக்கொண்டு நாற்காலியோடு உருண்டு விலகினார். கடவுள் வலியோரை அரியணையிலிருந்து இறக்குகிறார் என்ற மரியாவின் பாடலை மாலைச் செபத்தில் தினமும் சொல்கிறோமே, அந்த அரியணைக்குச் சக்கரம் உண்டென்று அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பிள்ளையின் ஞானஸ்நானச் சான்று கேட்டார். வாங்கிப் போனால் அதில் ‘ஆரோக்கிய மேரி’, ஆதாரில் வேறு பெயர். “ஆளே வேற” என்று சொல்லிவிட்டார். நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. கோயில் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று. பங்கு ஃபாதர் பழைய பதிவேட்டைப் புரட்டி, பெற்றோர் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் ஒத்துப்போவதைக் குறிப்பிட்டு, இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு எழுதிக் கொடுத்தார். இதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காரியத்தை முடித்தது அதுகூட இல்லை. அக்கா வீட்டுத் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில், இறந்துபோன அவர் வீட்டுக்காரரின் பழைய சாதிச் சான்று இருந்தது. பழுப்பேறிய அட்டை, மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியது. மையில் எழுதிய எழுத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. அப்பாவுடைய அட்டை எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

மனுவை இந்த முறை நான் தொடவில்லை. அக்காவே நீட்டினார். “என்னம்மா?” என்றதற்கு, “எம் மகளுக்கு அவுக அப்பா சாதிதான் சார், இந்தா இருக்கு” என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் பேசிய ஆணை, தீர்மானம் எல்லாவற்றையும்விட அது எடுபட்டது. அப்போதும் இழுத்தடித்திருந்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போவதாக இருந்தோம், முதல்வர் உதவி எண் 1100-க்கும் போன் போட்டிருப்போம். தேவைப்படவில்லை.

மடத்தில் ஒரு மூத்த சிஸ்டர், “செப நேரத்துக்கெல்லாம் ஆபீசில் நிற்கிறாயே, இதுவா அழைத்தல்?” என்றார். இதுவும்தான் சிஸ்டர் என்றேன். முழுச் சம்மதம் இல்லாவிட்டாலும், மறுநாள் அக்காவுக்கு டிபன் கட்டிக் கொடுத்தது அவர்தான்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயிற்று, பணம் இன்னும் ஏறவில்லை. அவள் தம்பி எட்டாவதுதான் படிக்கிறான், அவனுக்கும் இப்போதே மனு போட்டோம். இ-சேவைத் தம்பி பட்டனைத் தட்டும் முன் அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்துக் கூட்டி அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் 60 ரூபாயை எடுத்தார்.