பாப்பாவோட இடது இமை

மார்ச் 14, 2023
பாப்பாவுக்கு பத்து வாரம். பொறந்த ரெண்டாவது வாரம் இடது மேல் இமைல கொசு கடிச்ச மாதிரி இருந்த செவப்பு இப்ப அரைநெல்லி சைஸ், கண்ணை பாதி மூடுது, அழுதா வீங்கி ஊதாவா ஆகுது. அத்தை இன்னிக்கும் ஆரம்பிச்சாங்க, தீபாவளிக்கு மறுநாள் கிரகணத்தப்ப மாடிக்கு துணி எடுக்கப் போனல்லன்னு. போனேன்தான்.

மார்ச் 16
கண் டாக்டர்ட்ட போனோம். முன்னாடி பாத்த டாக்டர் "தானா போயிடும்மா"ன்னு சொன்னதுல ஒரு மாசம் போச்சு. கட்டி தானா சுருங்கறது நெஜம்தான், ஆனா அதுக்கு நாலஞ்சு வருஷம் ஆகும், கண்ணு அதுவரைக்கும் காத்திருக்காதுங்கறாங்க இவங்க. இமை மறைச்சா மூளை அந்தக் கண்ண கண்டுக்காம விட்டுரும், மறைக்காட்டியும் கட்டி கருவிழிய அமுக்கி அதோட வளைவு கோணலாயி சிலிண்டர் பவர் வந்துரும், பார்வை மங்கும். பாப்பாவுக்கு ஏற்கனவே வந்துருக்கு. இருட்டு ரூம்ல வெளிச்சம் அடிச்சு லென்ஸ மாத்தி மாத்தி வச்சே கண்டுபிடிச்சுட்டாங்க.

மார்ச் 18
டாப்ளர் ஸ்கேன், ரத்த ஓட்டம் பாக்கறது. கேன்சரான்னு கேக்க எனக்கு வாய் வரல, அவருதான் கேட்டாரு. இல்லையாம். இன்ஃபன்டைல் ஹீமாஞ்சியோமா, ரத்தக்குழாய் கட்டி, கண்ணுக்குப் பின்னாடி போகல.

மார்ச் 21
அட்மிட். மருந்து ப்ரொப்ரனலால், நம்ம தாத்தாவோட பிபி மாத்திரை! பிரான்ஸ்ல போர்தோ டாக்டருங்க ஒரு குழந்தைக்கு இதயப் பிரச்சனைக்காக இதக் குடுக்க, மறுநாளே மூக்குல இருந்த கட்டி நிறம் மாறி மெத்துன்னு ஆயிருக்கு, 2008ல அத எழுதினாங்களாம், அதுக்கு முன்னாடி ஸ்டீராய்டுதான். ஈசிஜி எடுத்துட்டு அஞ்சு கிலோ எடைக்கு கணக்கு போட்டாங்க: 10 மி.கி. மாத்திரைய 10 மி.லி. தண்ணில கரைச்சு வேளைக்கு 2.5 மி.லி., ரெண்டு வேளை. பால் குடிச்சதும்தான் குடுக்கணும், வாந்தி எடுத்தாலோ பால் குடிக்கலன்னாலோ அந்த டோஸ் கட், இல்லன்னா சுகர் எறங்கிரும். குதிகால்ல குத்தி சுகர் பாத்தப்ப அவ அழுதத விட நான் அழுதது ஜாஸ்தி.

மார்ச் 23
செவப்பு மங்கிருக்கு. நாலு தடவ லைட்ட போட்டுப் பாத்தேன், என் ஆசைல தெரியுதோன்னு. அத்தையும் மங்கிருக்குன்னாங்க.

ஏப்ரல் 14
டோஸ் இப்ப டபுள். இடது கண் நல்லா தொறக்குது, ஆனா அதுக்கு வேலை குடுக்க வலது கண்ண தினம் ஒரு மணி நேரம் ஒட்டி மூடணும். புத்தாண்டும் அதுவுமா ஒரே கத்தல். அத்தை ஸ்பூனால டம்ளர தட்டினாங்க, சட்டுன்னு நிறுத்திட்டு இடது கண்ணால ஸ்பூனையே பாத்துச்சு.

ஜூன் 12
சிலிண்டர் பவர் கொறஞ்சிருக்கு. எடை ஏறிருச்சு, டோஸ் மறுபடி கூட்டணும். மருந்து இன்னும் மாசக்கணக்குல ஓடும், டக்குன்னு நிறுத்தினா திரும்ப வீங்கலாமாம்.