அம்பாசிடர் எஞ்சினில் கிராங்க் சென்சார் பொருத்திய அனுபவம்

பழைய அம்பாசிடர் கார்களின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பிளக்கில் எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்பதை அதில் டிஸ்ட்ரிபியூட்டரே தீர்மானிக்கிறது. அது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டோடு நேரடியாக இணைந்ததன்று. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டை டைமிங் செயின் சுழற்ற, அங்கிருந்து சாய்வுப் பல்லிணைப்பு வழியாக, கிராங்கின் பாதி வேகத்தில் அது சுழல்கிறது. செயினின் தளர்ச்சி, பற்களின் தேய்மானம், புஷ்ஷின் ஆட்டம் ஆகிய எல்லாம் பொறி விழும் நேரத்தில் சேர்ந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி பிசகினால் கிராங்கில் அது 2 டிகிரி ஆகிறது.

கோயம்புத்தூரில் என்னிடமுள்ள காருக்கு ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை உயர்த்திய பிறகு, இந்தப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும் இடம் எஞ்சினில் குறைந்துவிட்டது. மேடு ஏறும்போது நாக்கிங், அதாவது எரிபொருள் முறைதவறி வெடிக்கும் தட்டல் ஒலி, கேட்கத் தொடங்கியது. எனவே எஸ்.யு. கார்பரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இக்னிஷனை (பொறி விழும் வேலையை) மட்டும் மெகாஸ்குவர்ட் என்ற மின்னணு கன்ட்ரோலரிடம் ஒப்படைக்க முடிவு செய்தேன். கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்பதை அதற்குச் சொல்ல ஒரு பல்வட்டும் ஒரு சென்சாரும் தேவை.

ஹால் வகைச் சென்சாருக்கு மின்சாரம் கொடுக்க மூன்றாவது ஒயர் வேண்டும். நான் எடுத்தது இரண்டு ஒயர் கொண்ட காந்தச் சுருள் வகை. இரும்புப் பல் ஒவ்வொன்றும் அதன் முனையைக் கடக்கும்போது அது தானாகவே மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகம் கூடினால் அழுத்தமும் கூடும். ஸ்டார்ட்டர் மட்டும் எஞ்சினைச் சுற்றும் நேரத்தில் அது மிகக் குறைவாகவே இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பது பல்லுக்கும் சென்சாருக்கும் இடையே விடும் இடைவெளியைப் பொறுத்தது என்பதற்கு இதுவே காரணம்.

பல்வட்டுக்கு ஃபோர்டு நிறுவனம் பயன்படுத்திய 36-1 அமைப்பைத் தேர்ந்தேன். 36 பற்களுக்கான இடத்தில் ஒன்றை விட்டுவிட்டால், பல்லுக்குப் பல் 10 டிகிரி என்ற கணக்கும், சுற்று எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் ஒருசேரக் கிடைக்கின்றன. 5 மி.மீ. இரும்புத் தகட்டில் 150 மி.மீ. விட்டத்துக்கு லேசரில் வெட்டி வாங்கி, அதை லேத் பட்டறையில் கொடுத்து, கிராங்க் புல்லியின் முகத்தில் போல்ட் செய்து, இரண்டையும் ஒன்றாக லேத்தில் பிடித்து விளிம்பைக் கடைந்து வாங்கினேன். தனியாகக் கடைந்து பிறகு மாட்டினால், புல்லியின் மையமும் வட்டின் மையமும் ஒன்றாக அமையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கைக்கம்பி போட்டுச் சுற்றும் நட்டு மறையாதபடி நடுத்துளையைப் பெரிதாக வைக்கச் சொன்னேன். சில பி-சீரிஸ் புல்லிகளில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். அப்படிப்பட்ட புல்லியில் வட்டை உள்வளையத்தோடுதான் இணைக்க வேண்டும், ஏனெனில் ரப்பர் வழுக்கினால் வட்டும் இடம் மாறிவிடும்.

இந்த வேலை முழுவதிலும் அதிகக் கவனத்தைக் கேட்பது பிராக்கெட் என்பது என் உறுதியான கருத்து. ரப்பர் மவுண்டில் எஞ்சின் ஆடிக்கொண்டே இருப்பதால் சென்சாரைச் சேசிஸில் பொருத்தவே கூடாது. டைமிங் கவர் மெல்லிய தகடு; அதை மட்டும் நம்பினால் பிராக்கெட் அதிரும். ஆகவே கவரின் போல்ட்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு, அதே அங்குல மரையில் நீளமான போல்ட்டுகளைத் தேடி வாங்கி, பின்னாலுள்ள எஞ்சின் பிளேட்டோடு சேர்த்து இறுக்கினேன். பிராக்கெட் 6 மி.மீ. தகட்டில், நடுவே முட்டு வைத்து வெல்டிங் செய்யப்பட்டது. சென்சார் வட்டின் பக்கவாட்டு முகத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பார்க்கும்படி அமைந்திருக்கிறது. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் சிறிதளவு முன்னால் நகரும். பக்கவாட்டில் வைத்தால் அந்த நகர்வு இடைவெளியை மாற்றிவிடும், விளிம்பில் வைத்தால் மாற்றாது.

இடைவெளியை 0.75 மி.மீ. வைத்தேன். சென்சாரின் காந்தம் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான எஃகு ஃபீலர் கேஜை இழுத்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் பித்தளைக் கேஜ் வசதியாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றி, வட்டின் ஒரு முழுச் சுற்றிலும் வேறுபாடு 0.1 மி.மீ.-க்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டேன்.

உண்மையான டி.டி.சி.-யை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையை) கண்டுபிடிக்க முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் தடுப்பானைத் திருகி, கிராங்கை இரு திசையிலும் மெதுவாகச் சுற்றி, தடுக்கிய இரண்டு இடங்களிலும் புல்லியில் குறியிட்டு, அவற்றின் நடுப்புள்ளியை எடுத்தேன். பல் இல்லாத இடம் டி.டி.சி.-க்கு 90 டிகிரி முன்பாகச் சென்சாருக்கு நேரே வருமாறு வட்டை நிலைநிறுத்தினேன். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 டிகிரிக்கு ஒருமுறை ஒரு பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வருகிறது. அப்போது ஸ்டார்ட்டர் திணறிச் சுழற்சி மெதுவாகும். அந்தத் தடுமாற்றத்தைக் கன்ட்ரோலர் விடுபட்ட பல் என்று எண்ணிவிடாமல் இருக்க, உண்மையான விடுபாடு அதிலிருந்து தள்ளி இருப்பது நல்லது.

சிக்னலுக்கு முறுக்கிய ஜோடி ஒயரை உலோகக் கவசத்தோடு பயன்படுத்தி, கவசத்தைக் கன்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த் செய்து, பிளக் ஒயர்களுக்கு அருகே செல்லாதபடி ஓட்டினேன்.

கடைசியாக, கன்ட்ரோலரில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, பொறி விழும் கணத்தில் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியின் குறியில் அடித்துப் பார்த்தேன். சென்சாரின் இரண்டு ஒயர்களை ஒரு முறையில் இணைத்தபோது ஆக்ஸிலரேட்டர் கூடக் கூடக் குறி நழுவியது. அவற்றை மாற்றி இணைத்ததும் 3000 ஆர்.பி.எம். வரை அசையாமல் நின்றது. பிறகே, டி.டி.சி.-க்கு எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும் என்று சொல்லும் அட்வான்ஸ் அட்டவணையை நிரப்பத் தொடங்கினேன். டிஸ்ட்ரிபியூட்டரை அதன் துளையிலேயே விட்டுவைத்திருக்கிறேன். எடுத்தால் எண்ணெய் கசியாதபடி அந்தத் துளையை மூட வேண்டியிருக்கும். வழியில் கன்ட்ரோலர் நின்றுவிட்டால், பழைய காயிலையும் ஒயர்களையும் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரவும் அது உதவும்.