போர்ட்ரெய்ட் ஷூட்டுக்குத் தயாராகும் பெங்களூரு தோழிகளுக்கு

த்ரெடிங், ஃபேஷியல் எல்லாம் 3, 4 நாள் முன்பே முடித்துவிடுங்கள். முந்தின நாள் செய்தால் புருவத்து மேலே சிவந்த தடிப்பு க்ளோசப்பில் அப்படியே தெரியும்.

ஃபிளாஷ் போட்டு எடுப்பதாக இருந்தால் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம். அவை ஒளியைத் திருப்பி அடிப்பதால் முகம் மட்டும் சாம்பல் பூத்தது போல வெளுத்து, கழுத்து வேறு நிறமாக நிற்கும். நம் மாநிறத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஃபவுண்டேஷனைப் புறங்கையில் பார்த்து வாங்காதீர்கள். தாடையோரம் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நெருக்கமாகக் கோடு போட்ட சேலை வேண்டாம், கேமராவில் கோடுகள் அலை அலையாக நெளிந்து தெரியும்.

ஷூட் லால்பாக் பூங்காவில் என்றால் கேமரா அனுமதியை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குள் வெயில் இதம். வெயில் பட்ட புல்தரையில் மட்டும் உட்காராதீர்கள், தாடைக்கடியில் புல்லின் பச்சை நிறம் அடிக்கும்.