பியர்சனும் எங்கள் ஆங்கில மாஸ்டரும்

எங்கள் காலத்தில் உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு, வாழ்க்கை வரலாறுகள் எழுதிய ஆங்கிலேயர் ஹெஸ்கெத் பியர்சனின் பெயர் மறந்திருக்காது. அவர் பாடத்திட்டத்தில் இருந்தவர் அல்லர். பாடம் முடிந்து மணி அடிக்கச் சில நிமிடங்கள் மிஞ்சினால் போதும், மாஸ்டர் பியர்சனுக்குத் தாவிவிடுவார்.

1887இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் பிறந்த பியர்சன், இளமையில் எதிலும் நிலைக்காதவர். கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்தார், பிடிக்கவில்லை. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் விட்டுச்சென்ற பணத்தில் ஊர் சுற்றினார். பிறகு கார் விற்றார். 1911இல் பிரபல நடிகர் பீர்போம் ட்ரீயின் நாடகக் குழுவில் சேர்ந்தபோதுதான் மனிதருக்குக் கால் ஊன்ற ஓர் இடம் கிடைத்தது.

முதல் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவுக்கு (இன்றைய ஈராக்) போய், தலையில் காயம்பட்டு, வயிற்றுளைவும் மலேரியாவும் பிடித்துச் சாகக் கிடந்தார். படுக்கையில் கிடந்தபடி ஷேக்ஸ்பியரைப் பக்கம் பக்கமாக ஒப்புவித்ததால்தான் பிழைத்தேன் என்பது அவர் கட்சி. இந்த இடம் வந்ததும் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரனின் நடுங்கும் குரலில் ஹம்லெற்றைத் தொடங்குவார். பின்வரிசைக் குழப்படிகாரர்கூட மூச்சு விடமாட்டார்கள். அடுத்த நாள் மனனப் பரீட்சை இருக்கும் என்பது பிறகுதான் விளங்கும்.

பியர்சன் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் வாசிக்கச் சுவையாக இருப்பதற்கு அவருடைய மேடை அனுபவமே காரணம் என்று மாஸ்டர் சொல்வார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நகைச்சுவைக்குப் பேர்போன பாதிரியார் சிட்னி ஸ்மித், ஒஸ்கார் வைல்ட், டிக்கன்ஸ் என்று யாரை எடுத்தாலும் ஆளைப் பேசவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வார். ஆய்வாளர்களுக்கு இது போதாது. அடிக்குறிப்பு எங்கே என்று கேட்பார்கள். 1942இல் வந்த, நாடகாசிரியர் பெர்னாட் ஷா பற்றிய நூலுக்கு ஷாவே கைகொடுத்தார். மறு வருடம் வந்த கொனன் டொயில் நூலோ வம்பில் முடிந்தது. ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்தவரைத் தெருவில் போகும் சாதாரண மனிதரின் வார்ப்பாகக் காட்டிவிட்டார் என்று டொயிலின் மகன் ஏட்ரியன் கொதித்து, மறுப்பாகத் தனி நூலே வெளியிட்டார்.

இங்கிலாந்துக்கு வந்த பின், உள்ளூர் நூலகத்தில் பியர்சனின் சுயசரிதை கையில் அகப்பட்டது. 1964இல் அவர் இறந்து அடுத்த வருடம் வெளியான நூல் அது. மாஸ்டர் வாயே திறக்காத கதை ஒன்று அதில் இருந்தது. 1926இல், ஓய்வுபெற்ற இராஜதந்திரி ஒருவரின் நாட்குறிப்பு என்று சொல்லி, பெயர் போடாமல் ஒரு நூல் வந்தது. பெரிய மனிதர்களின் அந்தரங்கப் பேச்சுகள் அதில் நிறைய. எழுதியது முன்னாள் பிரித்தானியத் தூதுவர் சேர் ரெனல் றொட் என்று பதிப்பாளரிடம் இரகசியமாகச் சொன்னவர் பியர்சன். உண்மையில் முழுவதும் அவருடைய கைச்சரக்கு! றொட் மறுக்க, குட்டு வெளிப்பட்டது. ஏமாற்றிப் பணம் பெற முயன்றதாக வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்கவில்லை. ஏன் றொட்டின் பெயரைச் சொன்னீர் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, “எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது” என்றார். 1927இல் ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள்.

இதைச் செய்த மனிதர் பின்னாளில் நல்ல வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆனதில் எனக்கு வியப்பில்லை. பிறர் குரலில் பேசும் ஆசையை இல்லாத நாட்குறிப்பில் தீர்த்தவர், பிறகு இருந்த மனிதர்களிடம் அதைத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

ஊருக்குப் போனபோது, ஓய்வுபெற்று வீட்டோடு இருந்த மாஸ்டரிடம் இந்தக் கதையை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“லீவுக் கடிதத்தில் தகப்பனின் கையெழுத்தைத் தாங்களே போட்டவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், தம்பி. ஜூரிகளும் விட்டுவிட்டார்கள் என்று வேறு நான் சொல்லித் தர வேண்டுமா?” என்றார்.