எச்.ஆர். ஆபீஸ் மாடியில், எச்.ஆர். வேலை லினன் ரூமில்

ஹோட்டல் வேலையில் நம் பிள்ளைகள் நிற்பதில்லை, பொறுமை இல்லை என்று சுங்கை சிப்புட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு ஹோட்டலின் எச்.ஆர். (மனிதவள) பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசியாகப் பேசிப் படிவம் வாங்குவது என் பொறுப்பு. படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதுவார்கள். பேனாவை வைத்துவிட்டுச் சும்மா பேசவிட்டால் வெளியே வருவது பெரும்பாலும் சூப்பர்வைசர் பெயர்தான்.

நாங்கள் மாடியில் செய்வது ஆள் எடுப்பது, ஈ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), சம்பளக் கணக்கு. அதற்குப் பிறகு ஒருவருக்கு ஹோட்டல் என்றால் அது அவருடைய சூப்பர்வைசரோ, பரிமாறுகிறவர்களுக்குத் தலைவரான கேப்டனோ, செஃபோதான்.

சனிக்கிழமை காலையில், விரிப்பும் துண்டும் அடுக்கி வைக்கிற லினன் ரூமில் போய் நின்று பாருங்கள். சூப்பர்வைசர் அக்கா ரூம் சீட்டைப் பிரித்துக் கொடுப்பார். செக் அவுட் ரூம் என்றால் மெத்தை விரிப்பிலிருந்து பாத்ரூம் வரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும், அதுவும் எக்ஸ்ட்ரா பெட் போட்டு நாலு பிள்ளைகளோடு தங்கிய குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். விருந்தாளி இன்னும் தங்கியிருக்கிற ரூம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். எண்ணிக்கையில் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான், ஆனால் ஒருத்திக்கு முழுக்கச் செக் அவுட், அக்காவுக்கு வேண்டியவளுக்கு மற்றது. புதிதாக வந்த பெண் வாய் திறக்கமாட்டாள். சம்பளம் வாங்கிய மறுநாள் போனை அணைத்துவிடுவாள், அவ்வளவுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதா என்ன? தோட்டத்து மேலாளரான துரை பங்களாவில் இருப்பார், காலையில் ஆட்கள் கூடுகிற பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது வேலையை மேற்பார்க்கிற கங்காணி. அந்தக் காலத்துக் கங்காணிக்கு வேலைக்கு வந்த ஆளுக்கு ஏற்பத் தலைக்காசு கிடைத்தது. அவர் செய்த அட்டூழியம் வேறு கதை, ஆனால் ஆளை நிறுத்தி வைப்பதில் அவருக்கு ஒரு லாபம் இருந்தது. இன்றைய சூப்பர்வைசருக்கு அதுவும் கிடையாது. நன்றாக மெத்தை விரித்தாள் என்பதற்காக மேலே ஏற்றினோம், மனிதர்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. 10 மலேசியத் தொழிலாளர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கிற ஹோட்டல், பயிற்சிக்கென்று சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி (கட்டாயக் கட்டணம்) கட்டுகிறது. அந்தப் பணத்தில் தீயணைப்புப் பயிற்சி நடக்கும், உணவுச் சுகாதார வகுப்பு நடக்கும். சூப்பர்வைசருக்கு என்று ஒரு நாள் ஒதுக்கச் சொன்னால் ‘ரூம் ஃபுல்’ என்பார்கள்.

அப்புறம் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகிவிட்டது, பிரசவ விடுப்பு 98 நாள், அப்பாவுக்கும் 7 நாள் உண்டு. விருந்தாளிகளிடம் வாங்குகிற சர்வீஸ் சார்ஜ் பணத்தை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள யாரும் மாடி ஏறி வருவதில்லை, ‘அக்கா, எனக்கு லீவு உண்டா?’ என்று லினன் ரூமில்தான் கேட்கிறார்கள். அக்கா பழைய ஞாபகத்தில் ‘இல்ல’ என்று சொன்னால் அந்தப் பையனுக்கு அதுதான் சட்டம். லேபர் ஆபீசிலிருந்து கடிதம் வரும்போதுதான் நாங்கள் விழித்துக்கொள்வோம், உடனே பழியை அக்கா தலையில் கட்டுவோம். இதில் எனக்குச் சம்மதமே இல்லை.

தீபாவளி ரோஸ்டர் (யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல்) இன்னும் மோசம். சட்டம் கட்டாயமாக்கியிருக்கிற ஐந்து பொது விடுமுறைகளில் தீபாவளி கிடையாது, மீதியை முதலாளிதான் தேர்ந்தெடுக்கிறார். எங்கள் ஹோட்டலில் அது விடுமுறைதான், அன்றைக்கு வேலை செய்தால் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளமும் உண்டு. ஆனால் ஹவுஸ்கீப்பிங்கில் பாதிப்பேர் நம் ஆட்கள். யார் வீட்டில் இருப்பது, யார் வருவது என்ற பஞ்சாயத்து முழுக்கச் சூப்பர்வைசர் தலையில்.

இப்போது ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறோம், இண்டர்வியூவில் அந்தந்தப் பிரிவுச் சூப்பர்வைசரும் உட்கார வேண்டும். ஐந்து வருடத்தில் நீ எங்கே இருப்பாய் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம், பையன் முழித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த கேப்டன் அண்ணன் குறுக்கே வந்தார்: “தம்பி, காலை ஏழு மணி ஷிஃப்டுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து எதுல வருவ? மோட்டார்சைக்கிள் சொந்தமா, அப்பாவோடதா?” அப்பாவுடையதுதானாம், அவருக்கும் காலை வேலையாம். அவனை மதிய ஷிஃப்டில் போட்டார். இன்னும் நிற்கிறான்.